மூலைக்கு வந்த வெளிச்சம்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கென்று அந்தக் காலத்தில் செய்த 21 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைக் கழற்றிப் பின்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். முன்கண்ணாடியைவிடப் பின்கண்ணாடிதான் கண்ணை இழுக்கும். மவுண்டின் வளையத்தைத் தாண்டி நீண்டு, கேமராவின் வயிற்றுக்குள் புகுந்து, ஃபிலிமை உரசிவிடுமோ என்று பயப்படும் அளவுக்குக் கிட்டே போய் நிற்கும். 1963-ல் லைக்காவுக்காக ஷ்னைடர் செய்துகொடுத்த சூப்பர் ஆங்குலான் அந்த வகை. ஃபிலிம் இருந்தவரை இந்த நெருக்கம் ஒரு வரம். ஃபிலிம் இருந்த இடத்தில் சென்சாரை வைக்க நினைத்த நாளில் அதுவே பெரும் தடையாகிவிட்டது. அந்தத் தடையைத் தாண்ட சென்சார் எங்கெங்கோ பிறந்து, யார் யார் கையிலோ வளர்ந்து, பலமுறை உருமாறியிருக்கிறது.

இவ்வளவு நெருக்கம் எதனால் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி எழுந்து படுக்கிறது. அது அசைய இடம் வேண்டும். 1959-ல் வந்த நிக்கான் எஃப் மவுண்டில் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 46.5 மில்லிமீட்டர். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடி கிடையாது. மேலே இரண்டு சிறு சாளரங்கள். இரண்டிலிருந்தும் வரும் பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக அவை நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. உள்ளே எதுவும் எழுந்து படுக்காததால் 1954-ல் வந்த லைக்கா எம்3-யில் அந்த இடைவெளி 27.8 மில்லிமீட்டர்தான். அகலக்கோண லென்ஸ் உள்ளே எட்டிப் பார்க்க அது இடம் கொடுத்தது. சிறிய லென்ஸ், நேர்க்கோடு வளையாத படம், சத்தமில்லாத ஷட்டர் எல்லாம் அதனால் கிடைத்தன.

நம் மாநிலத்திலும் இந்த வகைக் கேமராவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி உடலை விட்டபோது திருவண்ணாமலை ஆசிரமத்தில் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் இருந்தார். மகரிஷியின் கடைசி நாட்களில் அவர் எடுத்த படங்கள் இன்றும் ஆசிரமத்துக்காரர்கள் போற்றும் படங்கள். அவர் கையில் எப்போதும் இருந்தது லைக்கா. நோயில் படுத்திருக்கும் ஒருவரைச் சுற்றி நூறு பேர் மூச்சடக்கி நிற்கும் இடத்தில் கண்ணாடி படபடக்கும் கேமராவை யாரும் பொறுத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் அரியலூர் மாவட்டத்தில் 21 மி.மீ. லென்ஸுக்கென்றே கட்டியது போன்ற இடம் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரனின் விமானம், யுனெஸ்கோ கணக்கில் 53 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் நேர்க்கோடாக ஏறிவிடும். இது மூலைகளை உள்வாங்கிக்கொண்டு, குழைந்து வளைந்து ஏறும். அந்த வளைவைப் படத்தில் கொண்டுவருவதுதான் இங்கே வருகிற ஒவ்வொரு போட்டோகிராபருக்கும் ஆசை. புல்தரையில் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் மதில் தடுக்கும். தொல்லியல் துறை இடம் என்பதால் முக்காலி வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். ஆகவே கையில் பிடித்தபடி, அகலக்கோண லென்ஸில், கிட்டே நின்றுதான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் விமானம் நடுவில் நிற்கும்; நான்கு மூலையிலும் வானமும் புல்லும் இருக்கும். ஒரு சென்சாரின் குணம் முழுக்க அந்த நான்கு மூலையில்தான் தெரியும்.

அதே வளாகத்தில் சிங்கக் கிணறு இருக்கிறது. சிங்கத்தின் உடலுக்குள் நுழைந்து படியிறங்கித் தண்ணீருக்குப் போகிற கிணறு. எந்தக் கிணற்றிலும் உச்சி வெயில் நேராக இறங்கித் தண்ணீரைத் தொடும். சாய்ந்த வெயில் உள்சுவரில் பட்டு அங்கேயே நின்றுவிடும். சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு பிக்சலும் அப்படி ஒரு கிணறு. அடியில் ஒளியை மின்னூட்டமாக்கும் சிலிக்கான், மேலே நிறவடிகட்டி, அதற்கும் மேலே ஒளியைக் குவித்து உள்ளே அனுப்பும் கண்ணுக்குத் தெரியாத நுண்லென்ஸ். படத்தின் நடுவில் ஒளி நேராக இறங்குகிறது. ஓரத்துக்குப் போகப் போக, பின்கண்ணாடி அவ்வளவு கிட்டே இருப்பதால், ஒளி படுத்துக்கொண்டு வருகிறது. கொஞ்சம் சுவரில் பட்டு வீணாகும். கொஞ்சம் பக்கத்துப் பிக்சலுக்குள் போய் விழும். முதலாவதால் மூலை கறுக்கும். இரண்டாவதால் நிறம் கெடும், ஏனென்றால் பக்கத்துப் பிக்சலின் நிறம் வேறு. ஃபிலிமில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அதன் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் துகள்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏதோ ஒரு துகளில் பட்டே தீரும்.

நிக்கானும் கேனனும் இந்தத் தொல்லையால் பெரிதாகக் கஷ்டப்படவில்லை. அவர்கள் லென்ஸ்கள் ஏற்கெனவே தள்ளித்தான் நின்றன. பத்தாததற்கு டிஜிட்டலுக்கென்று புது லென்ஸ் வரிசைகளையே செய்துகொண்டார்கள். ரேஞ்ச்ஃபைண்டர்காரர்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அந்தக் கேமராவை வாங்குகிறவர் ஐம்பது வருடத்து லென்ஸை வைத்திருப்பார். அதைப் போடத்தான் கேமராவே வாங்குவார். லென்ஸை மாற்றச் சொன்னால் கேமராவுக்கே வேலையில்லை. கேமரா உலகில் மற்ற எல்லா இடத்திலும் சென்சாருக்காக லென்ஸ் மாறியது. இங்கே மட்டும் லென்ஸுக்காக சென்சார் வளைந்து கொடுத்தது. இந்தக் கதையில் எனக்கு இவ்வளவு பிடிப்பு வரக் காரணமே அதுதான். முன்னோர் செய்த பொருள் ஒன்றைத் தூக்கிப் போடாமல், புதிதாக வந்தது தன்னைத் திருத்திக்கொண்டது.

சென்சாரின் பிறந்த வீடு அமெரிக்கா. 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி.யைக் கண்டுபிடித்தார்கள். சிலிக்கானில் ஒளி பட்டுத் தெறிக்கும் எலக்ட்ரான்களைச் சேர்த்து வைத்து, வரிசை வரிசையாக நகர்த்தி ஓரத்துக்குக் கொண்டுவந்து அளப்பதுதான் அதன் வேலை. அதற்கு நோபல் பரிசு வர 40 வருடம் ஆனது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில், கோடக் கம்பெனியில், 1975-ல் ஸ்டீவன் சாசன் நூறுக்கு நூறு பிக்சல் சி.சி.டி.யை வைத்து முதல் டிஜிட்டல் கேமராவைக் கட்டினார். ஒரு படத்தை கேசட்டில் பதிக்க 23 விநாடி பிடித்தது. அதே கம்பெனியின் பிரைஸ் பேயர், பிக்சல்களின்மேல் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று வடிகட்டிகளைச் சதுரங்கக் கட்டம்போல் பரப்பும் முறைக்கு 1976-ல் காப்புரிமை பெற்றார். இன்றைக்கு நம் கையில் இருக்கும் கேமராக்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நிறம் பார்க்கின்றன.

ரேஞ்ச்ஃபைண்டருக்குள் சென்சாரை முதலில் குடியேற்றியது லைக்கா அல்ல, எப்ஸான். 2004-ல் வந்த ஆர்-டி1. கங்கைகொண்ட சோழபுரம் உலகப் பாரம்பரியச் சின்னமானதும் அதே வருடம்தான். கேமராவின் உடல் ஜப்பானின் காசினா செய்தது. உள்ளே 61 லட்சம் பிக்சல் கொண்ட சோனி சி.சி.டி. அதன் மேல்தட்டில் ஃபிலிம் சுற்றும் நெம்புகோல் இருந்தது. சுற்ற ஃபிலிம் இல்லை; ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரை இழுத்துவைக்க அதைச் சுற்றியே ஆக வேண்டும். மூலைப் பிரச்சினைக்கு எப்ஸான் கண்ட வழி எளிமையானது: மூலையையே விட்டுவிட்டார்கள். சென்சார் ஃபிலிமில் பாதி அளவுக்கும் குறைவு; லென்ஸ் வீசும் ஒளிவட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் அது எடுத்துக்கொண்டது. 21 மி.மீ. லென்ஸ் போட்டால் 32 மி.மீ. போலத்தான் தெரியும். கங்கைகொண்ட சோழபுரத்தில் நின்றால் விமானத்தின் கலசம் படத்துக்கு வெளியே போய்விடும்.

லைக்கா அப்போது பணமில்லாமல் தத்தளித்துக்கொண்டிருந்தது. டிஜிட்டலைத் தாமதமாகப் பிடித்த கம்பெனி 2005-ல் திவாலாகும் விளிம்பு வரைக்கும் போனது. அந்த நெருக்கடியில்தான் ராச்செஸ்டருக்கும் ஜெர்மனியின் சோல்ம்ஸ் ஊருக்கும் இடையே ஒரு சம்பந்தம் ஏற்பட்டது. 2006 செப்டம்பரில் எம்8 வெளிவந்தது. உள்ளே கோடக் செய்த 1.03 கோடி பிக்சல் சி.சி.டி. அளவு 27-க்கு 18 மில்லிமீட்டர். முழு ஃபிலிம் அளவை அவர்களாலும் அப்போது எட்ட முடியவில்லை. ஆனால் மூலையைக் கைவிடாமல், அதற்காக சென்சாரை மாற்றத் துணிந்தார்கள்.

செய்தது இதுதான். நடுப் பிக்சல்களுக்கு நுண்லென்ஸ் நேர் மேலே இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக ஒவ்வொரு நுண்லென்ஸையும் கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி நகர்த்தி வைத்தார்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சாய்ந்து வரும் ஒளி அந்த நகர்ந்த வாய் வழியாக நுழைந்து, சரியாகத் தன் பிக்சலின் அடிக்கே போய்ச் சேரும். ஒரு பிக்சலின் அகலம் 6.8 மைக்ரான். அதற்குள் இந்த நகர்த்தலை, நடுவிலிருந்து விளிம்பு வரை படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கோடக்கைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அந்த வகை சி.சி.டி.யில் பிக்சலின் பரப்பு கிட்டத்தட்ட முழுவதும் ஒளி வாங்கும். மின்னூட்டம் நகர்வதும் அதே பிக்சல்கள் வழியாகத்தான். சிமாஸ் என்ற இன்னொரு வகைச் சென்சாரில், அந்நாளில், ஒளி வாங்கும் இடத்துக்கு மேலே கம்பி அடுக்குகள் ஓடும். அங்கே கிணறு ஆழம், இங்கே மேலாக.

இரண்டாவது முடிவுதான் வம்பில் மாட்டியது. சிலிக்கானுக்கு நம் கண்ணைவிடக் கூரிய பார்வை. நமக்கு 700 நானோமீட்டருக்கு அப்பால் தெரியாது. சிலிக்கான் ஏறக்குறைய 1100 வரை பார்க்கும். அந்த அகச்சிவப்பு ஒளியைத் தடுக்க எல்லா சென்சாருக்கு முன்னாலும் ஒரு வடிகட்டிக் கண்ணாடி போடுவார்கள். கண்ணாடி தடிமனாக இருந்தால் படுத்து வரும் ஒளி அதற்குள் விலகி, மூலையில் இருக்கும் இலையெல்லாம் குழைந்துபோய்விடும். எனவே எம்8-ல் அதை அரை மில்லிமீட்டராக மெல்லிதாக்கினார்கள். மூலை கூர்மையானது. அகச்சிவப்போ தடையில்லாமல் உள்ளே வந்தது.

விளைவு என்ன தெரியுமா? செயற்கை இழையில் நெய்த கறுப்புத் துணி பல சமயம் அகச்சிவப்பை நன்றாகப் பிரதிபலிக்கும். நம் கண்ணுக்குக் கறுப்பு, சிலிக்கானுக்கு வெளிச்சம். எம்8-ல் அப்படிப்பட்ட கறுப்பு, கத்தரிப்பூ நிறமாக விழுந்தது. கார்த்திகை, மார்கழியில் பெரம்பலூர் நெடுஞ்சாலையோரம் நின்று பார்த்தால் வண்டி வண்டியாக ஐயப்ப சாமிகள் இறங்கி டீ குடிப்பார்கள். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, கறுப்புச் சட்டை. அதில் பாலியஸ்டர் ஒன்று, பருத்தி ஒன்று என்று கலந்திருக்கும். இந்தக் கேமரா வைத்து எடுத்தால் ஒரே குழுவில் ஒருவர் கறுப்பிலும் அவர் பக்கத்தில் நிற்பவர் ஊதாவிலும் தெரிவார்கள். கறுப்புச் சட்டை ஒரு இயக்கத்தின் அடையாளமாகவே இருக்கும் தமிழ்நாட்டில் இந்தக் குறை எப்படிப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை. இலைகளும் தப்பவில்லை. பச்சையம் அகச்சிவப்பை வாரி இறைக்கும் என்பதால் செழித்த மக்காச்சோளக் கொல்லை பச்சை குன்றி மஞ்சளடித்துத் தெரியும்.

ஒரு கேமராவுக்குக் குறையான இதே குணம்தான் நம் விண்வெளித் துறைக்குக் கைகொடுத்தது. 1988 மார்ச் 17-ல் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளில் இருந்ததும் சி.சி.டி.தான்; ஒரு வரிசைக்கு 2048 பிக்சல். அதன் நான்கு பட்டைகளில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கென்றே ஒதுக்கப்பட்டது. இலை எவ்வளவு வாரி இறைக்கிறதோ அவ்வளவு பயிர் நலமாக இருக்கிறது என்று கணக்கு. பெரம்பலூர் கரிசலில் பருத்தி தேறுமா, வாடுமா என்பதை மேலேயிருந்து படிக்க உதவும் ஒளியும், ஐயப்ப சாமியின் வேட்டியை ஊதாவாக்கிய ஒளியும் ஒன்றேதான். தடுப்பதா, வரவேற்பதா என்பதை எடுக்கிற படம்தான் தீர்மானிக்கிறது.

எம்8 வாங்கிய ஒவ்வொருவருக்கும் லென்ஸின் முன்னால் திருகிக்கொள்ள இரண்டு வடிகட்டிகளை லைக்கா இலவசமாகக் கொடுத்தது. அதிலும் ஒரு சிக்கல். அந்த வடிகட்டி சாய்ந்து வரும் ஒளியில் சிவப்பையும் கொஞ்சம் தடுப்பதால் அகலக்கோணத்தில் மூலைகள் நீலப்பச்சையாயின. அதைச் சரிசெய்ய, எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று கேமராவுக்குத் தெரிய வேண்டும். பழைய லென்ஸில் மின்தொடர்பு எதுவும் கிடையாது. அதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: லென்ஸின் மவுண்டில் ஆறு சிறு குழிகள், சிலவற்றில் கறுப்பு மை, சிலவற்றில் வெள்ளை. மவுண்டுக்குள் இருக்கும் சிறு ஒளிக்கண் அந்த ஆறு புள்ளிகளைப் படித்து, இது இன்ன லென்ஸ் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப மூலை நிறத்தைத் திருத்தும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய லென்ஸையும் அனுப்பிவைத்தால் குழி போட்டுத் தந்தார்கள்.

2009 செப்டம்பர் 9. எம்9. பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் நோபல் கிடைத்த அதே வருடம். ரேஞ்ச்ஃபைண்டருக்குள் முதன்முதலாக 36-க்கு 24 மில்லிமீட்டர், முழு ஃபிலிம் அளவு, 1.8 கோடி பிக்சல். மறுபடியும் கோடக் சி.சி.டி., அதே 6.8 மைக்ரான். 21 மி.மீ. லென்ஸ் மறுபடி 21 மி.மீ.யாகவே ஆனது. ஆனால் சூப்பர் ஆங்குலான் போன்ற மிகக் கிட்டே போகும் லென்ஸ்களில் படத்தின் ஒரு ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் பச்சையாகவும் சாயம் ஏறியது. இத்தாலியக் கொடி என்று இதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். மேகம் மூடிய ஆவணி வானத்தின் கீழ் விமானத்தை எடுத்தால்தான் இது அப்பட்டமாகத் தெரியும். வெள்ளை வானத்தில் சாயத்தை ஒளிக்க இடமில்லை. மென்பொருள் திருத்தங்களால் பெரும்பகுதி குறைந்தது. நல்ல லென்ஸ்களில் கவலையே இல்லை.

எம்9-ன் இன்னொரு குணத்தை நம் ஊர்க் கல்யாண வீட்டில் பார்க்கலாம். பெரும்பாலான கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் படத்தை ஒரு துளி மங்கவைக்கும் கண்ணாடி ஒன்று இருக்கும். நெருக்கமான நெசவும் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று மோதி, இல்லாத நிறக்கோடுகளை உண்டாக்காமல் தடுப்பது அதன் வேலை. கண்ணாடியை மெல்லிதாக்கும் முனைப்பில் லைக்கா அதை வைக்கவே இல்லை. அதனால் படம் ஊசிமுனையாக இருக்கும். ஆனால் ஜெயங்கொண்டம் பக்கம் நெய்த பட்டுச் சேலையில், குறிப்பிட்ட தூரத்தில், முந்தானையின்மேல் வானவில் அலை அடிக்கும். ஓரடி முன்னே வைத்தால் மறையும், பின்னே போனால் வேறு அலை. தறியில் நெய்தவர் அந்தப் படத்தைப் பார்த்தால் தன் சேலையா என்று கேட்பார்.

அகச்சிவப்பு விவகாரத்தில் பட்ட பாட்டை எம்9-ல் கோடக் மறக்கவில்லை. 0.8 மில்லிமீட்டரில் ஒரு கண்ணாடியைப் போட்டார்கள். ஷாட் நிறுவனத்தின் எஸ்8612. மெல்லியதாக இருந்தும் அகச்சிவப்பை நன்றாக விழுங்கும். கறுப்பு கறுப்பானது. ஆனால் அந்தத் திறமை அதற்கு வந்தது அதன் பாஸ்பேட் சேர்மானத்தால். அந்தச் சேர்மானத்துக்கு ஈரக்காற்று ஆகாது. சில வருடம் கழித்து, மேற்பூச்சுக்கு ஊடாக ஈரம் இறங்கிய இடங்களில் கண்ணாடி அரிக்கத் தொடங்கியது. லென்ஸை எஃப்16-க்கு மூடி வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக, சுற்றி ஒரு வளையத்தோடு புள்ளிகள் தெரியும். தூசு என்று நினைத்துத் துடைத்தால் போகாது.

ஈரம் என்றால் என்ன என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது இங்கே ஒவ்வொரு ஸ்டுடியோக்காரரும் பட்ட பாடு. பெரம்பலூரில் தெரிந்த அண்ணன் ஒருவர் மரப் பீரோவின் கீழ்த்தட்டில் ஜீரோ வாட் பல்பை எரியவிட்டு, அந்தச் சூட்டுக்கு மேல்தட்டில் லென்ஸ்களை அடுக்கி வைத்திருப்பார். மழை நாளில் வெளியே போய்வந்தால் பையைத் திறக்குமுன், “தம்பி, முதல்ல வெளியே வெச்சு ஆற விடு. அப்புறம் பீரோவுல வை” என்பார். அந்தப் பீரோவின் புத்தி ஒரு சென்சாரின் கண்ணாடிக்கும் தேவைப்படும் என்று அதை வடிவமைத்தவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். மூலையைக் காப்பாற்ற மெல்லிதாக்கினார்கள். மெல்லியதில் அகச்சிவப்பு நுழைந்தது. அகச்சிவப்பை நிறுத்தக் கண்ணாடியை மாற்றினார்கள். மாற்றிய கண்ணாடியை ஈரம் தின்றது. ஒவ்வொரு தீர்வின் வயிற்றிலும் அடுத்த தொல்லை இருந்தது.

2014 கடைசியில் லைக்கா குறையை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்ட சென்சார்களை மாற்றித்தர முன்வந்தது. அரிக்காத புதுக் கண்ணாடியோடு மாற்றுச் சென்சார்கள் பின்னால் வந்தன. ஆனால் அந்தச் சென்சாரின் தாய்வீடு அதற்குள் கலைந்துபோயிருந்தது. 2011 நவம்பரில் கோடக் தன் சென்சார் பிரிவை விற்றுவிட்டது. 2012 ஜனவரியில் கோடக்கே திவால் மனு போட்டது. பிரிவு ட்ரூசென்ஸ் என்ற பெயரில் கொஞ்ச காலம் ஓடி, 2014-ல் ஆன் செமிகண்டக்டரின் கைக்குப் போனது. டிஜிட்டல் கேமராவையே முதலில் கட்டிய கம்பெனியிலிருந்து வந்த சென்சார், அந்தப் பிரிவு கைமாறிய பின்னும் ஜெர்மன் கேமராக்களுக்குள் வாழ்ந்துகொண்டிருந்தது. அந்த சி.சி.டி.யின் நிறத்தைத் தேடி எம்9-ஐ இன்றும் கைமாற்றி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குமுன் கண்ணாடி மாற்றியதா என்று கேட்பதுதான் முதல் கேள்வி.

போவதற்கு முன் அந்தச் சென்சார் இன்னொரு அவதாரமும் எடுத்தது. 2012 மே மாதம் வந்த எம் மோனோகுரோம். பேயரின் நிறவடிகட்டிகளை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளை மட்டும். வடிகட்டி குடித்துக்கொண்டிருந்த ஒளி முழுக்கச் சிலிக்கானுக்கே கிடைத்ததால் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 160-லிருந்து 320-ஆனது. பக்கத்துப் பிக்சலிடம் நிறம் கேட்டு ஊகிக்கும் வேலையும் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தின் வடக்கு வாசலருகே சண்டேசருக்கு சிவன் பூமாலையை முடியில் சுற்றிக்கட்டும் சிற்பம் இருக்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேமராதான் நினைவுக்கு வரும். குனிந்த தலை, அதில் சுற்றிய மாலையின் மடிப்பு, மாலை கட்டும் விரல்கள் என்று அங்கே இருப்பதெல்லாம் நிழல் வேலை. கருங்கல்லில் நிறத்துக்கு வேலை குறைவு. காலையில் பக்கவாட்டில் சரிந்து விழும் வெளிச்சத்தில் சிற்பியின் உளி நின்ற இடம்கூடத் தெரியும். நிறத்தை விட்டுக்கொடுத்துக் கல்லின் நுணுக்கத்தை வாங்குவது அங்கே லாபமான வியாபாரம்.

அதற்குப் பிறகு சென்சார் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்குக் குடிமாறியது. 2012 செப்டம்பரில் அறிவித்த அடுத்த எம் கேமராவுக்கு 2.4 கோடி பிக்சல் சிமாஸ் சென்சார். வடிவமைத்தது பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் இருந்த சிமாசிஸ்; வார்த்தெடுத்தது பிரான்சின் கிரெனோபிளில் எஸ்.டி. மைக்ரோ. எந்தச் சிமாஸ் ஆழக் கிணறு என்று ஒதுக்கப்பட்டதோ அதையே திருத்தி எடுத்தார்கள். நுண்லென்ஸின் வளைவைக் கூட்டினார்கள்; நுண்லென்ஸுக்கும் அடியில் இருக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் குறைத்தார்கள். கிணற்றைத் தூர்த்து மேடாக்கிய மாதிரி. சாய்ந்து வரும் ஒளி சுவரில் முட்டுவதற்குள் அடியைத் தொட்டுவிடும்.

2022 ஜனவரியில் வந்த எம்11 இன்னும் ஒரு படி போனது. சிலிக்கானையே கவிழ்த்துவிட்டார்கள். கம்பி அடுக்குகள் எல்லாம் அடிப்பக்கம் போயின; ஒளி வாங்கும் பரப்பு நேராக மேலே வந்தது. 6 கோடி பிக்சல். கம்பிகளுக்கு நடுவே ஒளி இறங்கிப் போக வேண்டிய ஆழம் அங்கே இல்லாமல் போயிற்று. 1954-ல் தீர்மானித்த அந்த 27.8 மில்லிமீட்டர் மட்டும் இத்தனை மாற்றத்திலும் ஒரு நூலிழைகூட அசையவில்லை.

இப்படிக் கவிழ்த்த சிலிக்கான் விலையுயர்ந்த கேமராவோடு நின்றுவிடவில்லை; சொல்லப்போனால் அது பெருகியதே செல்போனுக்குள்தான். போன் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு கிட்டே லென்ஸ் சென்சாரிடம் இருக்கும். ரேஞ்ச்ஃபைண்டர் பட்ட பாடு முழுவதையும் செல்போனும் பட்டே ஆக வேண்டியிருந்தது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனின் சென்சாரிலும் ஓரத்து நுண்லென்ஸ்கள் நடுவை நோக்கி நகர்ந்தே இருக்கின்றன. மூலைச் சாயத்தை அழிக்கும் கணக்கு அதற்குள்ளும் ஓடுகிறது. ஆடித் திருவாதிரைக்கு ராஜேந்திரன் பிறந்தநாள் என்று கங்கைகொண்ட சோழபுரத்தில் கூட்டம் நெருக்கியடிக்கும்போது, பேரனைத் தோளில் வைத்துக்கொண்டே விமானத்தை அகலக்கோணத்தில் ஒரே தட்டில் பிடித்துவிடுகிற செந்துறைக்காரரின் பத்தாயிரம் ரூபாய் போனிலும் நான்கு மூலையும் கறுக்காமல், நிறம் கெடாமல் வருகிறது. ஆனால் அந்தப் போனுக்கு அதன் லென்ஸும் சென்சாரும் ஒரே நாளில், ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. எம்11-ல் நீங்கள் 1963-ஆம் வருடத்து லென்ஸை மாட்டலாம். கூடியவரை அதற்கும் அது ஒத்துழைக்கும்.